அத்தியாயம் 6: கேமரா மாட்டியாயிற்று, படம் வரவில்லை

ஐபி கேமராவில் படம் வரவில்லை என்றதும் பலரும் முதலில் சந்தேகப்படுவது கேமராவைத்தான். ஏணி போட்டு ஏறிக் கழற்றுவார்கள், வேறொன்றை மாட்டுவார்கள், அதிலும் படம் வராது. புதிதாக அமைத்த இடத்தில் கோளாறு கேமராவுக்குள் இருப்பது குறைவு. கேமராவிலிருந்து திரை வரையுள்ள வழியில்தான் அது பெரும்பாலும் இருக்கும். மின்சாரம், கேபிள், முகவரி, கடவுச்சொல், சுவிட்சின் கொள்ளளவு, ஹார்டு டிஸ்க், கடிகாரம், இணைய ரவுட்டர் ஆகிய எட்டும் அந்த வழியில் உள்ளவை. இந்த அத்தியாயம் அவற்றை இதே வரிசையில் சோதிக்கக் கற்றுத் தருகிறது.

வரிசைக்குக் காரணம் உண்டு. ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதை நம்பி நிற்கிறது. மின்சாரம் சரியாகப் போகாத கேமராவின் முகவரியைத் தேடிப் பயனில்லை. முகவரி மோதிக்கொண்டிருக்கும்போது கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பதால் குழப்பம்தான் கூடும்.

விளக்கத்துக்காக ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். தரைத்தளமும் இரண்டு மாடிகளும் உண்டு. பின்னால் தனிக் கட்டடத்தில் குடோன். மொத்தம் 16 கேமராக்கள். மாடிக்கு ஒரு பிஓஇ சுவிட்ச், கல்லாவுக்குப் பின்னால் உள்ள அறையில் பதிவுக் கருவியான என்விஆர். உங்கள் இடம் பஞ்சாலையாக இருக்கலாம், மருந்துக்கடையாக இருக்கலாம். சோதனை முறை ஒன்றுதான்.

ஏணியில் ஏறும் முன்

கையில் இருக்க வேண்டியவை: ஒரு லேப்டாப், கேபிள் டெஸ்டர், கிரிம்பிங் கருவி, சில ஆர்ஜே45 கனெக்டர்கள், மல்டிமீட்டர், ஒரு நோட்டு. இவற்றோடு, வேலை செய்கிறது என்று ஏற்கெனவே சோதித்து உறுதிசெய்த ஒரு பேட்ச் கார்டும் ஒரு கேமராவும் வேண்டும். சந்தேகத்துக்குரிய பொருளை இன்னொரு சந்தேகத்துக்குரிய பொருளோடு ஒப்பிட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை உடனே நோட்டில் எழுதுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிப் படம் வந்துவிட்டால், எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது. அடுத்த மாதம் அது திரும்ப வரும்போது முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

கருவியைத் தொடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

எத்தனை கேமராவில் படம் இல்லை? ஒன்றில் மட்டும் இல்லையென்றால் அந்தக் கேபிளையும் அந்த போர்ட்டையும் பாருங்கள். ஒரு மாடி முழுதும் இல்லையென்றால் அந்த மாடியின் சுவிட்ச். எல்லாவற்றிலும் இல்லையென்றால் என்விஆர் அல்லது முதன்மை சுவிட்ச்.

எப்போது போகிறது? இரவில் மட்டும் என்றால் மின்சாரம். கூட்ட நேரத்தில் மட்டும் என்றால் நெட்வொர்க்கின் நெரிசல். மழைக்குப் பிறகு என்றால் கனெக்டருக்குள் நீர். கரண்ட் போய் வந்த பிறகு என்றால் முகவரி மாறியிருக்கலாம்.

கடைசியாக இங்கே என்ன மாறியது? இதைக் கல்லாவில் இருப்பவரிடமே கேளுங்கள். “ஒன்னும் மாத்தலீங்க” என்பார்கள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் புது பில்லிங் கம்ப்யூட்டர் வந்தது, வைஃபைப் பெட்டி ஒன்று மாட்டினது, நெட் கம்பெனி மாறினது எல்லாம் வெளியே வரும்.

மின்சாரம்

பிஓஇ முறையில் படமும் மின்சாரமும் ஒரே கேபிளில் போகின்றன. இதற்கு வகுக்கப்பட்ட தரநிலைகள் உண்டு. 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் சுவிட்சின் ஒரு போர்ட் 15.4 வாட் தரும். கேபிளில் போகும் இழப்பைக் கழித்தால் கேமராவுக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். 2009இல் வந்த 802.3ஏடி தரத்தில் இவை முறையே 30 வாட், 25.5 வாட். சாதாரண புல்லட், டோம் கேமராக்களுக்கு முதல் தரம் போதும். சுழலும் பிடிஇசட் கேமராக்கள் பலவற்றுக்கு இரண்டாவது அல்லது அதற்கும் மேலான தரம் தேவை.

பலர் கவனிக்கத் தவறுவது சுவிட்சின் மொத்தத் திறன். 8 போர்ட் உள்ள சுவிட்ச் என்றால் எட்டிலும் முழு 15.4 வாட் கிடைக்கும் என்று பொருளில்லை. மொத்தம் 60 வாட் மட்டுமே தரக்கூடிய சுவிட்சில் ஆளுக்கு 9 வாட் இழுக்கும் எட்டு கேமராக்களை மாட்டினால் தேவை 72 வாட் ஆகிவிடும். ஆறு ஓடும், ஏழாவது விழும், அல்லது ஒன்று மாற்றி ஒன்று அணையும். சுவிட்சின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் மொத்த வாட் அளவு இருக்கும். கேமராக்களின் தேவையைக் கூட்டி அதோடு ஒப்பிடுங்கள். ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் இருக்கட்டும்.

பகலில் நன்றாக ஓடி, இருட்டியதும் விழுந்து விழுந்து எழும் கேமரா பெரும்பாலும் மின்சாரம் போதாத கேமரா. இருளில் அதன் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன, தேவை உயர்கிறது, கேபிள் வழியே அந்த அளவு மின்சாரம் வந்து சேர்வதில்லை, கேமரா அணைந்து மீண்டும் தொடங்குகிறது. இதைப் பகலிலேயே சோதிக்கலாம். கேமரா அமைப்பில் இரவு முறையைக் கட்டாயமாக்கி, பத்து நிமிடம் பாருங்கள். விழுந்தால், அதே கேமராவை இறக்கி, சுவிட்சின் பக்கத்திலேயே வைத்து, நல்ல பேட்ச் கார்டில் மாட்டி மீண்டும் பாருங்கள். இங்கே விழாமல் நின்றால் கோளாறு கேபிளில். இங்கேயும் விழுந்தால் சுவிட்ச் அல்லது கேமரா.

சில மலிவான பெட்டிகள் தரநிலையைப் பின்பற்றாமல், எதிரே என்ன கருவி இருக்கிறது என்று கேட்காமலேயே மின்சாரத்தை அனுப்பிவிடும். பேசிவ் பிஓஇ என்று எழுதியிருக்கும் சுவிட்ச், அடாப்டர்களில் கேமராவின் மின்னழுத்தத்தைச் சரிபார்க்காமல் எதையும் செருகாதீர்கள். கருவி எரிந்துபோக வாய்ப்புண்டு.

மின்வெட்டின்போது கேமரா, சுவிட்ச், என்விஆர், ரவுட்டர் நான்கும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். என்விஆருக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்து மாடி சுவிட்சை விட்டுவிட்டால், பதிவுக் கருவி விழித்திருக்கும், பதிவு செய்யப் படம் இருக்காது.

கேபிள்

செம்புக் கேபிளில் ஒரு ஓட்டத்தின் எல்லை 100 மீட்டர். மாடி ஏறி இறங்கும் நீளம், சீலிங்குக்கு மேல் வளைந்து போகும் நீளம், இரு முனைகளிலும் உள்ள பேட்ச் கார்டு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். கேபிளின் மேலுறையில் மீட்டர் கணக்கு அச்சிட்டிருக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள எண்களைக் கழித்தால் நீளம் தெரிந்துவிடும்.

அடுத்தது கம்பியின் உலோகம். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி கொண்ட கேபிள், சிசிஏ என்ற பெயரில், குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கேட் 5இ, கேட் 6 தரநிலைகள் முழுச் செம்பையே கோருகின்றன. அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், வளைத்தால் எளிதில் முறியும். குறுகிய தூரத்தில் ஓடும். 60, 70 மீட்டரில் இருக்கும் குடோன் கேமரா இரவில் விழும். கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். சுவருக்குள் போகும் கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். கேமராவைப் பின்னால் மாற்றலாம். சுவருக்குள் போன கேபிளை மாற்ற மறுபடி சுவரை உடைக்க வேண்டும்.

டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்துவிட்டால் கேபிள் நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்தச் சிறு டெஸ்டர் கம்பி அறுபடவில்லை என்பதை மட்டுமே சொல்லும். கம்பிகளின் ஜோடி சரியா, சுமையைத் தாங்குமா என்று சொல்லாது. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்பது இங்கே பரவலாகப் பின்பற்றப்படும் வரிசை. இதில் பச்சை ஜோடி மூன்றாவது, ஆறாவது ஊசிகளில் பிரிந்து உட்காரும். இது தெரியாமல் நிறம் நிறமாக அடுத்தடுத்து அடுக்கி, இரு முனையிலும் ஒரே மாதிரி கிரிம்ப் செய்தால் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும். கேமராவில் படம் திக்கித் திக்கி வரும். படம் அடிக்கடி உறைகிறது, டெஸ்டரோ நல்லது என்கிறது என்றால் கனெக்டரைத் திருப்பி, உள்ளே தெரியும் நிறங்களைப் படியுங்கள்.

வெளிப்புறக் கேமராக்களில் கனெக்டர் சந்திக்கும் இடத்தில் நீர் புகுவது வழக்கமான கோளாறு. கேமராவோடு வரும் நீர் தடுப்பு மூடியைச் சோம்பலின்றி மாட்டுங்கள். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். கேபிள் வழியே வழியும் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

கடைக்கும் குடோனுக்கும் இடையே, கட்டடம் விட்டுக் கட்டடம், செம்புக் கேபிளை அந்தரத்தில் இழுக்காதீர்கள். கோடை இடியிலும் ஐப்பசி, கார்த்திகை இடியிலும் அந்தக் கேபிள் வழியே வரும் மின்னெழுச்சி இரு பக்கத்து சுவிட்ச்களையும் கொண்டுபோய்விடும். இரு கட்டடங்களின் எர்த்து வேறுபட்டாலும் தொல்லைதான். அந்த இடத்துக்கு ஃபைபர் கேபிளும் இரு முனையில் மீடியா கன்வர்ட்டரும் போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, 100 மீட்டர் எல்லையும் அதற்கு இல்லை.

சுவிட்சில் ஒளிந்திருக்கும் பொத்தான்

கேமராவுக்கென்று விற்கப்படும் பல பிஓஇ சுவிட்ச்களின் முகப்பில் சிறு தள்ளு பொத்தான் ஒன்று இருக்கும். ‘எக்ஸ்டெண்ட்’ என்றோ ‘விலேன்’ என்றோ எழுதியிருக்கும். எக்ஸ்டெண்ட் முறையில் சுவிட்ச் 250 மீட்டர் வரை கொண்டுபோகிறேன் என்கிறது. அதற்கு விலையாக வேகத்தை 10 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறைத்துவிடும். யாரோ கைபட்டுத் தள்ளியிருந்தால், அதில் உள்ள 4கே கேமரா தடுமாறும். விலேன் முறையில் கேமரா போர்ட்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. அப்லிங்க் போர்ட்டை மட்டுமே பார்க்கும். என்விஆரை அப்லிங்க்கில் மாட்டாமல் சாதாரண போர்ட்டில் மாட்டியிருந்தால் ஒரு கேமராவும் தெரியாது. எல்லாம் சரியாக இருந்தும் எதுவும் தெரியாத நேரத்தில் இந்தப் பொத்தானைப் பாருங்கள்.

இன்னொன்று: ஒரே பேட்ச் கார்டின் இரு முனையும் ஒரே சுவிட்சில் செருகப்பட்டிருந்தால், கேமராவோடு பில்லிங்கும் சேர்ந்து முடங்கும். சுவிட்சின் எல்லா விளக்குகளும் ஓயாமல் ஒன்றாகத் துடித்தால் அந்தச் சுற்றைத் தேடிப் பிடுங்குங்கள்.

முகவரி

விளக்கு எரிகிறது, கேபிள் நல்லது, இருந்தும் என்விஆர் கேமராவைக் காணவில்லை என்றால் இனி ஐபி முகவரியைப் பார்க்கலாம்.

ஒரே நிறுவனத்தின் கேமராக்கள் பெட்டியிலிருந்து வரும்போது பெரும்பாலும் ஒரே முகவரியோடு வருகின்றன. ஹிக்விஷன் கேமராக்களில் 192.168.1.64, தாஹுவா கேமராக்களில் 192.168.1.108 என்பவை தொழிற்சாலை முகவரிகள். பதினாறையும் ஒன்றாக மாட்டி மின்சாரம் கொடுத்தால், ஒரே தெருவில் பதினாறு வீட்டுக்கும் ஒரே கதவு எண் என்ற நிலை வந்துவிடும். ஒரு கேமராவின் படம் வரும், போகும். இன்னொன்றின் இடத்தில் வேறொன்றின் படம் தெரியும். புதுக் கேமராக்களை ஒவ்வொன்றாகத்தான் மாட்ட வேண்டும். ஒன்றை மாட்டி, முகவரியை மாற்றி, சுவரில் அது இருக்கப்போகும் இடத்தின் பெயரோடு நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

முகவரித் திட்டத்தை வேலை தொடங்கும் முன்னரே காகிதத்தில் போட்டுவிடுங்கள். ரவுட்டர் 192.168.1.1 என்றால், என்விஆருக்கு 10, தரைத்தளக் கேமராக்களுக்கு 11 முதல், முதல் மாடிக்கு 31 முதல், இரண்டாம் மாடிக்கு 51 முதல், குடோனுக்கு 71 முதல் என ஒதுக்கலாம். எண்ணைப் பார்த்ததும் எந்தத் தளம் என்று தெரிய வேண்டும். ரவுட்டர் தானாக முகவரி வழங்கும் எல்லையை 100க்கு மேல் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்த ஒரு காலையில், வாடிக்கையாளரின் கைபேசிக்கு ரவுட்டர் கொடுக்கும் எண் கேமராவின் எண்ணாக இருந்துவிடும்.

எல்லா ரவுட்டர்களும் 192.168.1 என்று தொடங்குவதில்லை. சிலவற்றில் 192.168.0, சில ஃபைபர் ரவுட்டர்களில் 192.168.29. நெட் நிறுவனத்தை மாற்றினால் ரவுட்டர் மாறும், தொடக்க எண்ணும் மாறலாம். கேமராவும் என்விஆரும் பழைய எண்ணிலேயே இருப்பதால் கடைக்குள் படம் வரும், கைபேசியில் மட்டும் வராது. அப்போது பதினாறு கேமராவின் முகவரியையும் மாற்றத் தேவையில்லை. புது ரவுட்டரின் உள்முகவரியைப் பழைய எண்ணுக்கு மாற்றினால் போதும்.

காணாமல்போன கேமராவைக் கண்டுபிடிக்க, அதை மட்டும் சுவிட்சில் விட்டு, லேப்டாப்பை அதே சுவிட்சில் மாட்டி, அந்த நிறுவனம் இலவசமாகத் தரும் தேடல் மென்பொருளை ஓட்டுங்கள். ஹிக்விஷனுக்கு எஸ்ஏடிபி, தாஹுவாவுக்கு கான்ஃபிக்டூல். முகவரி வேறு வரிசையில் இருந்தாலும் இவை காட்டிவிடும். பிறகு லேப்டாப்புக்கு அதே வரிசையில் ஒரு எண் கொடுத்து, பிங் செய்து பாருங்கள். பதில் தொடர்ந்து வந்தால் வழி சரி. விட்டுவிட்டு வந்தால் கேபிளுக்குத் திரும்புங்கள். கேமராவைப் பிடுங்கிய பிறகும் அந்த எண்ணிலிருந்து பதில் வந்தால், அதே எண்ணில் வேறொரு கருவி இருக்கிறது.

என்விஆரின் பின்புறமே பிஓஇ போர்ட்கள் இருக்கும் வகைகளில், அவற்றில் மாட்டும் கேமராக்கள் தனி நெட்வொர்க்கில் போய்விடும். கடையின் கம்ப்யூட்டரிலிருந்து அவற்றைப் பிங் செய்தால் பதில் வராது. அது கோளாறு அல்ல. அந்த அமைப்பின் இயல்பு.

கடவுச்சொல்லும் இணக்கமும்

முகவரி தெரிகிறது, என்விஆரில் சேர்த்தால் ‘கடவுச்சொல் தவறு’ அல்லது ‘இணைப்பு இல்லை’ என்கிறது. கேமராவும் என்விஆரும் வெவ்வேறு நிறுவனத்தவையாக இருக்கும்போது இது அடிக்கடி நேரும். இரண்டும் பேசிக்கொள்ளும் பொதுமொழி ஆன்விஃப். ஆக்சிஸ், போஷ், சோனி ஆகிய மூன்றும் சேர்ந்து 2008இல் தொடங்கிய அமைப்பு இதை வகுத்தது. பல கேமராக்களில் ஆன்விஃப் வசதி முடக்கப்பட்டே வருகிறது. கேமராவின் வலைப்பக்கத்துக்குள் போய் அதை இயக்க வேண்டும். சிலவற்றில் ஆன்விஃப்புக்கென்று தனிப் பயனரையே உருவாக்க வேண்டும். வழக்கமான நிர்வாகிக் கடவுச்சொல் அங்கே செல்லாது.

கடவுச்சொல் சரியாக இருந்தும் மறுக்கப்பட்டால் கடிகாரத்தைப் பாருங்கள். ஆன்விஃப்பில் கடவுச்சொல்லோடு நேர முத்திரையும் சேர்ந்து போகிறது. கேமராவின் நேரமும் என்விஆரின் நேரமும் அதிகம் விலகியிருந்தால், சரியான கடவுச்சொல்லையும் கேமரா ஏற்காது. இரண்டின் நேரத்தையும் ஒன்றாக்கிவிட்டு மறுபடி சேர்த்துப் பாருங்கள்.

கேமராவின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு என்விஆரில் மாற்ற மறந்தால், என்விஆர் பழையதையே திரும்பத் திரும்ப அனுப்பும். சில தவறுகளுக்குப் பிறகு கேமரா தன்னைப் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் நீங்கள் சரியான கடவுச்சொல்லை இட்டாலும் உள்ளே விடாது. என்விஆரில் அந்தக் கேமராவை நீக்கிவிட்டு, பூட்டு விலகும் வரை காத்திருந்து, பிறகு உள்ளே போங்கள்.

படம் தடுமாறினால்

ஒரு 4கே கேமரா 8 எம்பிபிஎஸ் அனுப்புவதாக வைத்தால், 16 கேமராக்கள் 128 எம்பிபிஎஸ். சுவிட்சிலிருந்து என்விஆருக்குப் போகும் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸாக இருந்தால் நெரிசல் உறுதி. அப்லிங்க் கிகாபிட் தானா என்று பாருங்கள். என்விஆருக்கும் ஓர் உள்வரும் எல்லை உண்டு. 16 கேமராவுக்கான மலிவான என்விஆர்களில் அது 80 எம்பிபிஎஸ் அளவிலேயே இருப்பதுண்டு. எத்தனை கேமரா என்று மட்டும் கேட்டு என்விஆர் வாங்கினால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

தீர்வுக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. முகம் தெரிய வேண்டிய கல்லாவுக்கும் வாசலுக்கும் முழுத் தெளிவு கொடுங்கள். மாடிப்படிக்கும் குடோன் நடைவழிக்கும் விநாடிக்கு 12 அல்லது 15 படங்களும் குறைந்த பிட்ரேட்டும் போதும். பல கட்டங்களாகப் பார்க்கும் திரைக்கும் கைபேசிக்கும் துணை ஓடையை, அதாவது சப் ஸ்ட்ரீமை, பயன்படுத்துங்கள். பதிவு மட்டும் முதன்மை ஓடையில் நடக்கட்டும்.

பதிவு எத்தனை நாள்?

கணக்கு எளிது. 1 எம்பிபிஎஸ் ஓடை ஒரு நாள் முழுதும் ஓடினால் 10.8 ஜிபி ஆகும். கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் வீதம் 16 கேமராக்கள் 64 எம்பிபிஎஸ். நாளொன்றுக்கு ஏறத்தாழ 691 ஜிபி. 4 டிபி ஹார்டு டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. எச்.265 முறைக்கு மாற்றி 2 எம்பிபிஎஸ்ஸாகக் குறைத்தால் நாளுக்கு 346 ஜிபி. 30 நாள் வேண்டுமென்றால் 10.4 டிபி. கடையில் சரக்குக் குறைவது மாதக் கடைசி இருப்புக் கணக்கில்தான் தெரியும் என்றால், ஆறு நாள் பதிவால் என்ன பயன்? எத்தனை நாள் தேவை என்பதை முதலாளியிடம் முதலிலேயே கேட்டு, அதற்கேற்ப டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். இரவும் பகலும் எழுதுவதற்கென்றே செய்யப்பட்ட கண்காணிப்பு வகை டிஸ்க்காக அது இருக்கட்டும்.

திரையில் நேரடிப் படம் ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்க்கோ எப்போதோ செத்திருக்கும். என்விஆர் ‘பீப், பீப்’ என்று கத்துவது டிஸ்க் பிழையாகவோ முகவரி மோதலாகவோ இருக்கலாம். சத்தம் தொல்லை என்று ஒலியை அணைக்கும் முன் காரணத்தைப் படியுங்கள்.

நேரம்

படத்தின் மேல் உள்ள நேரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடினால், கருவி பெய்ஜிங் நேர மண்டலத்தில் இருக்கிறது. அது உலகப் பொதுநேரத்துக்கு 8 மணி முன்னால். நம்முடையது ஐந்தரை மணி. மண்டலத்தைத் திருத்தி, நேரத்தை என்டிபி வழியே தானாகச் சரிசெய்துகொள்ளும்படி என்விஆரை அமையுங்கள். கேமராக்கள் என்விஆரிலிருந்து நேரம் எடுக்கட்டும். மின்சாரம் போகும்போதெல்லாம் என்விஆரின் தேதி பழைய ஆண்டுக்குத் திரும்பினால் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது.

இதைச் சின்ன விஷயமாக எண்ணாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தரும்போது சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். பில் நேரம் ஒன்று, படத்தின் நேரம் வேறொன்று என்றிருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கைபேசியில் வெளியிலிருந்து பார்க்க

கடைக்குள் படம் வருகிறது, வெளியே வரவில்லை என்றால் முதலில் என்விஆரின் கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் சரியா என்று பாருங்கள். கேட்வே ரவுட்டரின் முகவரியாக இருக்க வேண்டும்.

பழைய முறையில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் வரவில்லை என்றால் ரவுட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்ணாக இருந்தால், நெட் நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொதுமுகவரிக்குள் வைத்திருக்கிறது. அங்கே போர்ட் திறந்து பயனில்லை. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து சேர்க்கும் பி2பி முறையைப் பயன்படுத்துங்கள், அல்லது நிலையான பொதுமுகவரி வாங்கி விபிஎன் அமையுங்கள். படம் வந்தும் நின்று நின்று ஓடினால், நெட் திட்டத்தின் பதிவேற்ற வேகத்தைச் சோதியுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் பதிவிறக்க வேகம்.

போர்ட்களை இணையத்துக்குத் திறந்துவைக்காமல் இருப்பதே நல்லது. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், அறுபதுக்கும் மேற்பட்ட தொழிற்சாலைக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று, உலகெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டே டின் என்ற நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பல மணி நேரம் தடுமாற வைத்தார்கள். தாக்குதலுக்குப் பயன்பட்டவை கடைகளிலும் வீடுகளிலும் இருந்த சாதாரணக் கருவிகள். கடவுச்சொல்லை மாற்றுங்கள், ரவுட்டரில் யுபிஎன்பி வசதியை அணையுங்கள், கேமராக்களின் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், வாடிக்கையாளர் வைஃபையும் கேமரா நெட்வொர்க்கும் தனித்தனியாக இருக்கட்டும்.

ஒப்படைக்கும் முன்

1. இரவு ஏழு மணிக்கு மேல் ஒரு முறை வந்து, ஒவ்வொரு கேமராவின் இரவுப் படத்தையும் பாருங்கள். டோம் கண்ணாடியில் கைரேகை, சிலந்தி வலை, அருகிலுள்ள வெள்ளைச் சுவர் ஆகியவை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அடித்துப் படத்தை வெளுக்கச் செய்யும்.
2. மெயின் சுவிட்சை அணைத்து, யுபிஎஸ்ஸில் எல்லாம் ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு முழுவதும் அணைத்து, மீண்டும் போட்டு, பதினாறும் தானாகத் திரும்பி வருகின்றனவா என்று எண்ணுங்கள்.
3. நேற்றைய பதிவில் ஒரு குறிப்பிட்ட நேரத்தைத் தேடி, பென் டிரைவில் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள்.
4. கேமராவின் பெயர், இடம், முகவரி, சுவிட்ச் போர்ட் எண், கேபிள் நீளம் அடங்கிய தாளை முதலாளியிடம் கொடுங்கள். கடவுச்சொற்களைத் தனியாக, மூடிய உறையில் கொடுங்கள்.

மூன்றாவது சோதனைதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். நேரடிப் படம் ஓடுவதைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு போவது எளிது. பொருள் தொலைந்த மறுநாள், வேலை செய்யும் ஒருவர் மேல் பழி விழும்போது, அவர் குற்றமற்றவர் என்று காட்டவும் அந்தப் பதிவு வேண்டும். குற்றத்தைக் காட்டவும் அதே பதிவு வேண்டும். கடை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: மாதம் ஒரு நாளைக் குறித்து வைத்து, பத்து நாளுக்கு முந்தைய பதிவு ஒன்றை நீங்களே எடுத்துப் பாருங்கள். அது கிடைத்தால் உங்கள் கேமரா அமைப்பு வேலை செய்கிறது. கிடைக்கவில்லை என்றால் அன்றே டெக்னீஷியனை அழையுங்கள்.